100 கிலோமீட்டர் நடந்தவருக்கு மாரத்தான் எளிதா?

கேள்வி இதுதான். ஹாங்காங்கில் வேலை பார்க்கும் 38 வயது நண்பர் ஒருவர், அலுவலகத் தோழர்கள் மூவருடன் சேர்ந்து ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் நவம்பரில் நடத்தும் டிரெயில்வாக்கர் நன்கொடை நடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். தூரம் 100 கிலோமீட்டர். அதை அடுத்து ஜனவரிக் கடைசியில் ஹாங்காங் மாரத்தான். அவருக்கு அது முதல் மாரத்தான். இப்போது மே மாதம். வாரத்துக்கு இரண்டு நாள், ஐந்து ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறார். “100 கிலோமீட்டர் நடந்து முடித்தவனுக்கு 42 கிலோமீட்டர் ஓடுவது பெரிய காரியமா? நடைப் பயிற்சியையே மாரத்தான் பயிற்சியாகவும் வைத்துக்கொண்டால் போதாதா?” என்று கேட்கிறார்.

தம்பி, போதாது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டது நல்ல முடிவு. நடையை விட்டுவிடாதீர்கள். மாரத்தானுக்கு வேண்டியதில் பாதியை அது உங்களுக்குச் செய்து கொடுத்துவிடும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு மற்றப் பாதிக்குத் தனியாக உழைக்க வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு நான் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. டிரெயில்வாக்கரை ஆறு முறை தொடங்கி, ஐந்து முறை முடித்திருக்கிறேன். முதல் முறை 31 மணி நேரத்தில் முடித்தபோது, இப்போது உங்கள் மனதில் இருக்கும் அதே கணக்குதான் என் மனதிலும் இருந்தது. அடுத்த பிப்ரவரியில் மாரத்தான். இடையில் ஓடியது பத்துப் பன்னிரண்டு தடவை. அதில் மிக நீண்டது 12 கிலோமீட்டர். மாரத்தான் அன்று 24-ஆவது கிலோமீட்டர் வரை எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. பக்கத்தில் ஓடியவரோடு பேசிக்கொண்டே போனேன். பிறகு வலது கெண்டைக்கால் இறுகியது. ஓரமாக நின்று நீவிவிட்டுக் கிளம்பினேன். நூறு அடி போவதற்குள் இடது காலும் பிடித்துக்கொண்டது. நெஞ்சு நிதானமாக அடித்துக்கொண்டிருக்கிறது, உடம்பில் தெம்பு மிச்சம் இருக்கிறது, முழங்காலுக்குக் கீழே மட்டும் கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. மீதி 18 கிலோமீட்டரையும் நடந்தேதான் முடித்தேன். நடப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. கெண்டைக்கால் மறுத்தது ஓடுவதற்கு மட்டும்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். நடக்கும்போது ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் இடையில் இரண்டு பாதங்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகின்றன. பிறகு உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசையோடு ஒற்றைக் காலில் இறங்குகிறோம். 70 கிலோ எடை உள்ளவரின் கால் ஒவ்வொரு தடவையும் 150, 200 கிலோவைத் தாங்குகிறது. ஓர் அடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் மாரத்தானில் இப்படி 42,000 அடிகள். அந்த விசையை வாங்கி, வில் நாண்போல இழுபட்டு, மறுபடி உடலை முன்னே உந்துவது குதிகாலுக்கு மேலே இருக்கிற தடித்த தசைநாண். நடையில் அதற்கு இந்த வேலை மிகவும் குறைவு. இதயமும் இரத்த ஓட்டமும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். நீண்ட நடை நடந்தவர்களுக்கு இதயம் முந்திக்கொண்டு ஓடத் தயாராகிவிடுகிறது, கால் பின்தங்கி நிற்கிறது. அவர்களுக்குக் காயம் வருவது இந்த இடைவெளியில்தான்.

இனி நடை கொடுக்கும் பாதியைப் பார்ப்போம்.

முதலில் நேரம். உங்கள் முதல் மாரத்தான் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. ஐந்து மணி நேரம் ஓடிப் பயிற்சி எடுக்க முடியாது; எடுத்தால் உடல் மீள இரண்டு வாரம் போய்விடும். ஆனால் சனிக்கிழமை எட்டு மணி நேரம் மலையில் நடந்துவிட்டுத் திங்கட்கிழமை அலுவலகம் போகலாம். எட்டு மணி நேரம் நின்று பழகிய முதுகும் இடுப்பும் பாதமும் ஐந்து மணி நேரத்தைக் கண்டு பயப்படாது.

அடுத்தது உடம்பின் எரிபொருள். தசையிலும் கல்லீரலிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து ஏறத்தாழ 2,000 கலோரி. ஓடுவதற்கு ஆகும் செலவு, கிலோமீட்டருக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. 70 கிலோ உள்ளவருக்கு மாரத்தானுக்கு 2,900-க்கு மேல். மிச்சத்தைக் கொழுப்பும், வழியில் சாப்பிடுவதும் ஈடுகட்ட வேண்டும். 30 கிலோமீட்டர் வாக்கில் பலர் சுவரில் மோதியதுபோல நின்றுவிடுவது இந்தச் சர்க்கரை தீர்வதால்தான். மணிக்கணக்கில் மெதுவாகச் செய்யும் உழைப்பில் கொழுப்பை எரிக்கும் திறன் கூடுகிறது. அதோடு, அசைந்துகொண்டே சாப்பிட்டுச் செரிக்க வயிறும் பழகுகிறது. இந்த இரண்டாவது பழக்கத்தை ஓடுபவர்கள் பலர் கடைசிவரை பழகுவதே இல்லை.

நடை கொடுக்கும் மூன்றாவது நன்மையைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அது இறக்கம். மலைப் படிகளில் இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைப் பிடித்து நிறுத்துகிறது. தசைக்கு மிகக் கடினமான வேலை இது. பழகாதவர் ஒரு நாள் முழுக்க மலை இறங்கினால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் நாற்காலியில் உட்கார முடியாது. ஆனால் அந்த வலி ஒரு முறை வந்து ஆறிய பிறகு, அதே வேலையை மறுபடி செய்யும்போது சேதம் வெகுவாகக் குறைகிறது. இந்தப் பாதுகாப்பு பல வாரம் நிற்கும். மாரத்தானின் பின்பாதியில் தொடை கனத்துப் போவது இதே வகைச் சேதத்தால்தான். செப்டம்பர், அக்டோபரில் நீங்கள் இறங்கும் ஒவ்வொரு படியும் ஜனவரிக்குச் சேர்த்து வைக்கும் முதல்.

படிகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. டிரெயில்வாக்கர் நடக்கும் மெக்லஹோஸ் பாதை, 1979-இல் திறக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் மரே மெக்லஹோஸின் பெயர் கொண்டது. சாய் குங் பக்கம் பாக் டாம் சுங்கில் தொடங்கி, புதிய பிரதேசங்களின் மலைமுதுகு வழியாக மேற்கே துன் முன் வரை பத்துப் பகுதிகளாகப் போகிறது. 1981-இல் இங்கே இருந்த பிரிட்டிஷ் இராணுவத்தின் கூர்க்கா சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு) படையினர் இந்த நடையைத் தங்கள் பயிற்சியாகத் தொடங்கினார்கள். நன்கொடை திரட்டுவதும் கூடவே வந்தது. 1986-இல் ஆக்ஸ்ஃபாம் சேர்ந்துகொள்ள, பொதுமக்களும் நடக்க முடிந்தது. நால்வர் கொண்ட அணி, 48 மணி நேரம் என்ற விதி அந்தப் படைப்பயிற்சியின் சாயலோடு இன்றும் இருக்கிறது. இங்கிருந்து போன இந்த நடை பிறகு பல நாடுகளில் வேரூன்றியது.

பாதையைத் தெரிந்துகொள்வது முக்கியம். உங்கள் அணியில் யாராவது “மணிக்கு ஐந்து கிலோமீட்டர், 20 மணி நேரத்தில் முடித்துவிடலாம்” என்று சொல்லியிருப்பார்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. இந்தப் பாதையின் ஏற்றங்களைக் கூட்டினால் 4,000 மீட்டருக்கு மேல் வரும். 4,000 என்றே வைத்தாலும் ஏறத்தாழ ஏழு மணி நேரம் கூடுகிறது. சாப்பிட, கால் துடைக்க, சாக்ஸ் மாற்ற நிற்கும் நேரம் இதில் சேரவில்லை. முதல் முறை நடப்பவர்கள் 30 முதல் 36 மணி நேரத்துக்குத் திட்டமிடுங்கள். ஓர் இரவு முழுவதும் நடக்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

500 மீட்டருக்கு ஒன்றாக எம்001-லிருந்து எம்200 வரை எண் போட்ட கட்டைகள் பாதையோரம் நட்டிருக்கின்றன. பயிற்சி நாட்களில் அவற்றைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் கட்டைக்குக் கட்டை ஆறு நிமிடம், மலையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்று உங்கள் உடம்பே சொல்லத் தொடங்கும். கடிகாரத்தைப் பார்க்காமலே வேகத்தை உணரும் இந்தப் பழக்கத்தை அப்படியே மாரத்தானுக்குக் கொண்டுபோகலாம்.

இனி மாதவாரியாகச் சொல்கிறேன்.

இப்போதிலிருந்து ஆகஸ்ட் வரை முக்கியம் ஓட்டம்தான். நடைக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தலைகீழாகச் செய்கிறார்கள்; உடனே மலைக்கு ஓடுவார்கள். தசைநாணுக்கு மாதக்கணக்கு வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்த மாதங்கள் இவைதான். வாரம் மூன்று நாள் ஓடுங்கள். இரண்டு நாள் ஐந்து ஆறு கிலோமீட்டர், ஒரு நாள் சற்று நீண்டது. அந்த நீண்ட ஓட்டத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் என்று கூட்டி ஆகஸ்ட் கடைசியில் 15-க்குக் கொண்டுவாருங்கள். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை மாடிப்படி விளிம்பில் காலுக்கு 15 தடவை, வாரம் மூன்று நாள் செய்யுங்கள். என் கெண்டைக்கால் அன்று கேட்டது இதைத்தான்.

கோடைக்காலத்தில் இங்கே வெயிலோடு ஈரப்பதமும் சேர்ந்து அடிக்கும். சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல என்றாலும், நிழலில்லாத மலைமுதுகில் அது வேறு விஷயம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். வானிலை ஆய்வகம் கடும் வெப்ப எச்சரிக்கையோ மழைப் புயல் எச்சரிக்கையோ விடுத்த நாளில் மலைக்குப் போகவே வேண்டாம். ஓடை ஓரப் பாதைகள் சில நிமிடத்தில் வெள்ளக் காடாவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர், அக்டோபர் நடைக்கு. ஒரு வாரக் கடைசியில் நீண்ட நடை, அடுத்ததில் நீண்ட ஓட்டம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். நடை 25 கிலோமீட்டரில் தொடங்கி 35, பிறகு 50. அந்த ஐம்பதை மாலையில் தொடங்கி இரவு முழுக்க அணி நால்வரும் சேர்ந்து நடக்க வேண்டும். அது ஒன்றே போதும், 70, 80 எல்லாம் தேவையில்லை. ஓட்டம் 16, 18, ஒரு முறையாவது 21. நடந்த மறுநாள் ஐந்தாறு கிலோமீட்டர் மெதுவாக ஓடலாம். களைத்த காலோடு ஓடிப் பார்ப்பது மாரத்தானின் கடைசிப் பகுதிக்கு நல்ல ஒத்திகை. அதற்கு மேல் வேண்டாம். வார நாட்களில் இரண்டு சிறிய ஓட்டங்களை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். நடைதான் வந்துவிட்டதே என்று ஓட்டத்தை நிறுத்தினால், கோடையில் சம்பாதித்தது கைநழுவிப் போகும்.

நடைக்கு முந்தைய பத்து நாள் ஓய்வு. பிறகு நடை.

நடை முடிந்ததும் மாரத்தானுக்கு ஏறத்தாழ பத்து வாரம் இருக்கும். உங்கள் திட்டத்தில் ஆபத்தான இடம் இதுதான். முதல் இரண்டு வாரம் ஓடவே கூடாது. ஐந்தாம் நாளே மனது பரபரக்கும், கால் லேசாகிவிட்டது போலத் தோன்றும், நம்பாதீர்கள். வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல், பக்கவாட்டில் சாயாமல், நேராக இறங்க முடிகிறதா? காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கமான எண்ணுக்கு வந்துவிட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஓடலாம். மூன்றாம் வாரத்தின் நீண்ட ஓட்டம் 12 கிலோமீட்டர். அடுத்தடுத்த வாரங்களில் 18, 22, ஒரு வாரம் குறைத்து 16, பிறகு 28. அதற்குப் பிறகு 20, 12 என்று இறங்கி மாரத்தான். வெறும் ஓட்டப் பயிற்சியாளர்கள் இந்த அட்டவணையைப் பார்த்தால், 28 ஒரே ஒரு தடவைதானா, போதாது என்பார்கள். நடை நடக்காதவருக்கு உண்மையிலேயே போதாது. உங்களுக்குப் போதும், அந்த ஒரு தடவையில் நீங்கள் சோதிப்பது கெண்டைக்காலை மட்டும். நேரத்தைத் தாங்குவது எப்படி என்பதை மலை கற்றுக்கொடுத்திருக்கும்.

பாதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். அப்பா தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடந்தவர். மார்கழி பிறந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். வெறுங்காலோடு கண்மாய்க் கரையில் தினமும் நடப்பார். இரவில் விளக்கெண்ணெய் தடவி, விரல் இடுக்குகளில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார். ஒரு மாதம் இப்படிப் பழக்கிய பிறகே யாத்திரை. அந்தக் காலத்தில் கொப்புளம் வந்தால் ஊசியில் நூல் கோத்துக் குத்தி, நீர் வடிய நூலை உள்ளேயே விட்டுவைப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், நூல் வழியாகக் கிருமி ஏறும். மற்றபடி அவர் செய்தது அத்தனையும் சரி என்பதை நான் இந்த மலையில் நடந்தபோது உணர்ந்தேன்.

கொப்புளத்துக்கு உரசல், ஈரம், சூடு மூன்றும் காரணம். பாதத்தில் ஓரிடம் சுருக்கென்று சூடாகும்போதே நின்றுவிடுங்கள். ‘அடுத்த செக்பாயின்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டால் அங்கே போய்ச் சேரும்போது கொப்புளம் காத்திருக்கும். அந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டுங்கள், சுருக்கமில்லாமல். மணிக்கணக்கில் நடந்தால் பாதம் வீங்கும். ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும். நகத்தை நான்கு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். பருத்திச் சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது ஆகாது. 20 கிலோமீட்டருக்கு ஒரு முறை சாக்ஸ் மாற்றுங்கள். எந்தச் சாக்ஸ், எந்தத் தைலம், எந்த இடத்தில் நாடா என்று நடையில் தெரிந்துகொண்டதை மாரத்தானில் ஒரு மாற்றமும் இல்லாமல் செய்யலாம்.

சாப்பாடு. முதல் ஆண்டு எல்லோரையும் போல, சர்க்கரைச் சத்தைக் கூழாக அடைத்த ஜெல் பாக்கெட்டுகளும் இனிப்புப் பட்டைகளும் சுமந்து போனேன். 40 கிலோமீட்டருக்குள் இனிப்பு என்றாலே குமட்டியது. இரண்டாம் ஆண்டு இரவு செக்பாயின்ட்டுக்கு என் மனைவி தூக்குவாளியில் தயிர் சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும், ஃபிளாஸ்க்கில் சூடான மிளகு ரசமும் கொண்டுவந்தாள். அணியில் இருந்த இரண்டு உள்ளூர் நண்பர்களும் ரசத்தைக் கோப்பை கோப்பையாகக் குடித்தார்கள். உப்பும் நீரும் சோறும் ஒரே நேரத்தில் உள்ளே போனதில் பத்து நிமிடத்தில் முகங்கள் மாறின. நடையில் இப்படிக் கெட்டியாகச் சாப்பிடலாம். ஓட்டத்தில் வயிறு இதைத் தாங்காது. அங்கே ஜெல்லோ வாழைப்பழமோதான். அதனால் அக்டோபரின் நீண்ட ஓட்டங்களிலேயே முக்கால் மணிக்கு ஒரு முறை ஜெல் சாப்பிட்டுப் பழகுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தாகம் இல்லாதபோதும் குடித்துக்கொண்டே இருப்பது நல்லது என்று சொல்வார்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களிடம் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக, நெடுநேரம் செல்பவர்களுக்கே இந்த ஆபத்து கூடுதல். நீங்களும் நானும் அந்த வகை. தாகத்துக்குக் குடியுங்கள், உப்போடு குடியுங்கள். வலி தெரியாமல் இருக்க ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு நடக்கவோ ஓடவோ வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இனி அந்த இரவு. என் மூன்றாவது நடை அது. லயன் ராக், குரங்குகள் திரியும் காம் ஷான் எல்லாம் கடந்து, 62 கிலோமீட்டர் வாக்கில் ஷிங் முன் நீர்த்தேக்கத்துக்கு வந்தோம். விடியற்காலை மூன்று மணி. அங்கிருந்து நீடில் ஹில். பெயருக்கு ஏற்ற ஊசி மலை. 532 மீட்டர்தான் உயரம், ஆனால் படிகள் நெட்டுக்குத்தாக ஏறும். பாதி மலையில் எங்களில் வலுவானவரும் வேகமானவருமான ஒருவர் படியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் ஷூவைக் கழற்றினோம். குதிகாலின் தோல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் 25 கிலோமீட்டரில், நீர்த்தேக்கச் சாலையிலும் சாய் வான் கடற்கரையிலும் எங்கள் மூவரையும் இழுத்துக்கொண்டு அரை ஓட்டமாகப் போனவர் அவர். அப்போதே கால் சுட்டிருக்கிறது, சொல்லவில்லை. காலைக் கழுவித் துடைத்து நாடா ஒட்டி, அவரைத் தாங்கிப் பிடித்து நடத்தினோம். தாய் மோ ஷான் மேலே ஏறும்போது விடிந்துவிட்டது. ஹாங்காங்கின் மிக உயரமான மலை அது, 957 மீட்டர். கீழே மேகம், அதற்கு மேல் நாங்கள் நால்வர். யாரும் பேசவில்லை; அவர் அழுதுகொண்டிருந்தார். முடிக்க 38 மணி நேரம் ஆனது.

டிரெயில்வாக்கரில் நால்வரும் சேர்ந்துதான் செல்ல வேண்டும். யார் மெதுவாக நடக்கிறாரோ அவருடைய வேகமே அணியின் வேகம். அவர் முன்னால் நடக்கட்டும். தொடக்கத்தில் அடக்கிப் போவது எவ்வளவு கடினம் என்பதை இந்த நடை உங்களுக்கு 30 மணி நேரம் சொல்லிக்கொடுக்கும். மாரத்தான் தொடங்கும் நேதன் சாலையில் துப்பாக்கி வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் உங்களைத் தாண்டிப் பாய்வார்கள். அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு உள்ளேயும் ஒரு மெதுவானவர் இருக்கிறார், 35-ஆவது கிலோமீட்டரில் கடலடிச் சுரங்கத்திலிருந்து மேலே ஏறப் போகிறவர் அவர்தான். முதல் பத்துக் கிலோமீட்டரை அவருடைய வேகத்தில் ஓடுங்கள்.

மாரத்தானில் நடப்பதைப் பற்றியும் கூச்சம் வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, ஓட்டத்துக்கு நடுவே திட்டமிட்டு நடக்கும் முறையைப் பல ஆண்டுகள் கற்பித்தவர். களைத்த பிறகு நடப்பதும், களைக்கும் முன்பே நடப்பதும் ஒன்றல்ல. முதல் கிலோமீட்டரிலிருந்தே நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துப் பாருங்கள். ஓட்டம் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம், நடை மணிக்கு ஆறு கிலோமீட்டர் என்றால் மொத்தம் ஏறத்தாழ ஐந்தேகால் மணி நேரத்தில் முடியும். மற்றவர்கள் நடக்கும்போது மணிக்கு நாலரை கிலோமீட்டருக்கு விழுந்துவிடுவார்கள். மலையில் நடந்து பழகிய உங்களுக்கு ஆறு கிலோமீட்டர் வேகம் இயல்பாக வரும். நடை உங்களுக்குத் தரும் நேரடி லாபம் இது. என் இரண்டாவது மாரத்தானிலிருந்து இன்றுவரை இப்படித்தான் ஓடுகிறேன், ஒரு முறைகூடக் கெண்டைக்கால் பிடிக்கவில்லை. போட்டியின் நேர வரம்பைப் பதிவு விவரத்தில் பார்த்து, அதற்கேற்ப ஓட்ட நிமிடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நன்கொடை திரட்டுவதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். அப்போது உங்களுக்குக் களைப்பும் தூக்கமின்மையும்தான் இருக்கும். ஜூலையிலேயே தொடங்குங்கள். பொதுவாகச் சுற்றறிக்கை அனுப்பினால் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நான்கு வரி எழுதுங்கள். ஊழியர் திரட்டும் தொகைக்கு இணையாக நிறுவனமும் கொடுக்கும் வழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு பயிற்சி நடைக்குப் பிறகும் எத்தனையாவது கட்டை வரை போனீர்கள் என்று அவர்களுக்குத் தெரிவியுங்கள். என் மாமா ஒருவர், கட்டைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு 200 கட்டைக்கும் பணம் அனுப்பினார்.

நான் முடிக்காத ஒரு நடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது முறை, பயிற்சியிலேயே கணைக்கால் எலும்பின் உட்புறம் ஓரிடத்தில் விரலால் தொட்டாலே வலித்தது. நன்கொடை கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் தொடங்கினேன். மூன்றாம் பகுதி முடிவில் காலை ஊன்ற முடியவில்லை. எலும்பில் கீறல் விழுந்திருந்தது. அந்த ஆண்டு மாரத்தானும் போயிற்று, நான்கு மாதம் ஓட்டமும் போயிற்று. நன்கொடை கொடுத்தவர்களில் ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள், அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. எலும்பின் மேல் ஒரே புள்ளியில் வலி இருந்தால் நடையோ ஓட்டமோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். தசை வலி பரவலாக இருக்கும், நடக்க நடக்கக் குறையும். எலும்பு வலி ஒரு புள்ளியில் நின்று, போகப் போகக் கூடும்.

அக்டோபரில் இரண்டையும் இழுக்க முடியவில்லை என்று தோன்றினால் மாரத்தானை விடுங்கள், நடையை விடாதீர்கள். மாரத்தான் நீங்கள் ஒருவர் சம்பந்தப்பட்டது, அடுத்த ஆண்டும் வரும். நடையில் மூன்று பேர் உங்களை நம்பி ஆறு மாதம் உழைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் உங்கள் நீண்ட ஓட்டம் எத்தனை கிலோமீட்டருக்கு வந்திருக்கிறது என்று எழுதுங்கள். 15-ஐத் தொட்டிருந்தால் மேலே சொன்ன அட்டவணை அப்படியே பொருந்தும். பத்திலேயே நின்றிருந்தால், ஜனவரிக்கு அரை மாரத்தானை வைத்துக்கொண்டு வேறு அட்டவணை போட்டுத் தருகிறேன். அதற்கு முன் இந்தச் சனிக்கிழமை அணி நால்வரும் பாக் டாம் சுங்குக்குப் போய் முதல் பகுதியை மட்டும் நடந்து பாருங்கள். 10 கிலோமீட்டர்தான், பெரும்பாலும் நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் சாலை. எம்001 கட்டையிலிருந்து நேரம் குறிக்கத் தொடங்குங்கள்.